கலங்கல் மறையும் சூடு

பினாயிலை வாளித் தண்ணீரில் ஊற்றினேன். வெளுத்தது. பாட்டிலுக்குள் இருக்கும்வரை தெளிவாகத்தான் இருக்கிறது, தண்ணீரைக் கண்டதும் பால். இது ஏன் என்று வகுப்பில் வருடா வருடம் கேட்பேன். கரைஞ்சிருச்சு சார் என்பான்கள். கரைந்தால் எதற்கடா வெளுக்கிறது, உப்பு கரைந்தால் வெளுக்கிறதா, சீனி கரைந்தால் வெளுக்கிறதா. கரையவில்லை, அதனால்தான் வெளுக்கிறது. உள்ளே இருக்கிற எண்ணெய் தண்ணீரோடு சேரமாட்டேன் என்று பொடிப்பொடித் துளியாகத் தனித்து நிற்கிறது. வெளிச்சம் அதில் முட்டிச் சிதறுகிறது. சேராததைத்தான் வெள்ளையாகப் பார்க்கிறோம். அவ்வளவுதான் பாடம், உட்கார். தரையை இன்று துடைக்க வேண்டிய அவசியமே இல்லை. நேற்றுத்தான் துடைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் எவனாவது தரை துடைப்பானா. ஆனால் சும்மா இருந்தால் காது கீழே போகிறது. கீழே மாசானமுத்து அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிறான். கிர்ரென்று இழுக்கிற சத்தம், பிறகு பல்லால் கடித்து அறுக்கிற அமைதி. கத்தரிக்கோலை ஏதாவது ஒரு பெட்டிக்குள் போட்டுக் கட்டியிருப்பான். அவன் அப்படித்தான். இன்றைக்குச் சாயங்காலம் ரயில். வடக்கே பிலாயில் அக்கா மகள் வீட்டுக்குப் போகிறான், ஒரேயடியாக. போய்த் திரும்பி வருகிற வயதா எங்களுக்கு. அதுவும் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கீழ் போர்ஷன் காலியாகுது சார், உங்க ஃப்ரெண்டு சொல்லலியா என்றார். ம் என்றேன். ம் என்பதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பாளையங்கோட்டையில் ஒரே கல்லூரியில், ஒரே கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்டில் வேலை பார்த்தோம். ஒரே வீட்டில் நான் மாடி, அவன் கீழ். என் மனைவி ரூபாவதி போன பிறகு, போன வருட மழைக்காலத்திலிருந்து, நானும் அவனும் பேசுவதில்லை. நிறுத்தியது நான். நிறுத்தினால் நிறுத்தியதுதான். ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. அதை அவனிடம் மட்டும்தான் கேட்க முடியும். அவன் ரயில் ஏறிவிட்டால் அது என்னோடு இந்த மாடியிலேயே இருக்கும், நான் இருக்கிறவரை. கேட்டால் பதில் வரும். அதுதான் இடைஞ்சல்.

மீன் குழம்பு வாசனை. காலையிலிருந்து இல்லை, இப்போதுதான். ஊரை விட்டுப் போகிற அன்றைக்கு எவன் மீன் வாங்குவான். சமையலறை ஜன்னலைச் சாத்தினேன், ஹால் ஜன்னல் வழியாக வந்தது. புளி கொதித்து அடங்கி, எண்ணெய் பிரிந்து மேலே வந்து நிற்கிற வாசனை. அதற்கு அடியில் இன்னொன்று. கருப்பட்டி. இறக்குவதற்கு முன்னால் நெல்லிக்காய் அளவு கருப்பட்டியைப் போட்டு மூடிவிட வேண்டும். அது ரூபாவதி கை. என் அம்மா போட்டதில்லை. என் தங்கை ஒருமுறை வந்திருந்தபோது கேட்டாள், 'மைனி, கொழம்புல என்னமோ போடுதீங்க, சொல்லுங்க' என்று தொங்கினாள். ரூபாவதி சிரித்தாள். 'ஒண்ணும் போடல. கை அப்படி.' தங்கைக்கே சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை, ஆனால் நான் கெமிஸ்ட்ரிக்காரன், நாக்கில் வைத்தால் தெரியாதா. தெரிந்தது என்று நானும் சொல்லவில்லை. நான் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிற ஆள் இல்லை. நன்றாக இருந்தால் சாப்பிடுவேன், இல்லாவிட்டால் எழுந்துவிடுவேன். அவளுக்குத் தெரியும். அடக்கம் முடிந்து உறவெல்லாம் பஸ் ஏறிய பிறகு மாசானமுத்து தினமும் தூக்குச்சட்டி கொண்டுவந்தான். சாம்பார், ரசம், கீரை. கதவுக்கு வெளியே வைப்பான், எடுத்துக்கொள்வேன், கழுவி வைப்பேன். ஆறுதல் சொல்லாத மனுஷன், அது பிடித்திருந்தது. பிறகு ஒருநாள் சாளை மீன் குழம்பு. பிசைந்து ஒரு வாய் வைத்தேன். வாய்க்குள் அவள் இருந்தாள். அவள் மாதிரி இல்லை. அவளே. அவள் உடுப்பையெல்லாம் கொடுத்தாயிற்று, தலையணை உறையைத் துவைத்தாயிற்று, இனி எங்கும் இல்லை என்று இருந்தவன் வாய்க்குள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. விழுங்கின பிறகுதான் கேள்வி வந்தது. நாத்தனாருக்குச் சொல்லாததை இவனுக்கு எப்போது சொன்னாள். எதற்குச் சொன்னாள். எத்தனை நாள் பக்கத்தில் நின்றால் ஒரு கையின் அளவு இன்னொரு கைக்குப் போகும். மறுநாள் வந்தவனிடம் வாசலிலேயே சொன்னேன். 'இனிமே கொண்டு வராதீரும்.' 'ஏன் வே, உப்பு கூடிப்போச்சா?' 'வராதீரும்னா வராதீரும்.' தூக்குச்சட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதி வந்து நின்றது. 'சரி வே' என்று இறங்கினான். படி முழுக்கத் தூக்குச்சட்டி கைப்பிடி டிங் டிங் என்றது. அதற்குப் பிறகு அந்தச் சத்தம் மேலே வரவில்லை.

ஈரத்துணி அதே இடத்தில் போய் வந்துகொண்டிருக்கிறது. ஒரே சதுரத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் லேபில் ஒரு பழைய பிராக்டிகல் உண்டு. பீனாலையும் தண்ணீரையும் டெஸ்ட் டியூபில் விட்டால் சேராது. பீனால் அடியில், தண்ணீர் மேலே, நடுவில் ஒரு கோடு. கலக்கினால் மோர் மாதிரிக் கலங்கும். வெந்நீரில் வைத்துச் சூடு ஏற்றிக்கொண்டே கலக்கினால் ஒரு கட்டத்தில், சொல்லாமல் கொள்ளாமல், கலங்கல் போய்க் கண்ணாடியாகிவிடும். கோடு இல்லை. இரண்டும் ஒன்று. அந்தச் சூட்டைக் குறிக்க வேண்டும். அதோடு முடியவில்லை. வெளியே எடுத்து ஆறவிட்டு, கலக்குவதை நிறுத்தாமல், கலங்கல் திரும்பி வருகிற சூட்டையும் குறிக்க வேண்டும். இரண்டுக்கும் சராசரி எடுத்தால்தான் கணக்கு. ஒரு பயலும் இரண்டாவதைச் செய்யமாட்டான். ஆறுகிறவரை எவன் நிற்பான். முதல் எண்ணில் கொஞ்சம் குறைத்து எழுதிவிட்டு கேன்டீனுக்குப் போய்விடுவான்கள். ஏறுகிறதைப் பார்க்க எல்லாருக்கும் பிடிக்கும், ஆறுகிறதைப் பார்க்கப் பொறுமை வேண்டும் என்று கத்துவேன். மாசானமுத்து வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு இந்தப் பிராக்டிகல்தான். தெர்மாமீட்டராலேயே கலக்கிக்கொண்டு நின்றான். அடியில் தட்டினால் உடையும். 'வே, அது தெர்மாமீட்டரா கரண்டியா?' என்றேன். திரும்பிப் பார்த்தான், பயப்படவில்லை. 'ரெண்டுந்தான் சார். எங்க உடன்குடிப் பக்கம் ஒரே கரண்டிதான் எல்லாத்துக்கும்.' பையன்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் சாயங்காலம் அவனுக்கு வீடு பார்த்துக் கொடுத்தது நான். நான் குடியிருந்த வீட்டின் கீழ் போர்ஷன். அவனுக்குக் கல்யாணம் காட்சி கிடையாது, வேண்டாம் என்றான், ஏன் என்று நான் கேட்கவில்லை. நான் பேசமாட்டேன், அவன் நிறுத்தமாட்டான். எனக்கு ஞாயிற்றுக்கிழமை சர்ச், அவனுக்குப் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில். இருவரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் நடுவில் கோடு தெரியும். பிறகு ரூபாவதி கல்யாணமாகி வந்தாள். அந்தப் பிராக்டிகலில் இன்னொரு பாதி இருக்கிறது. மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துப் பார்ப்பது. உப்பு போட்டால் காரியம் கெடும். உப்புக்குத் தண்ணீர் மட்டும்தான் ஆகும், பீனாலை ஏறெடுத்துப் பார்க்காது. இரண்டும் சேர இன்னும் கூடச் சூடு கேட்கும். சோப்பு போட்டால் சுலபம். சோப்புக்கு இரண்டு பக்கமும் ஆகும், கொஞ்சச் சூட்டிலேயே சேர்த்துவிடும். ரூபாவதி சோப்பு. கல்லறையில் எழுதுகிற வார்த்தை இல்லை. பைபிள் வசனம்தான் எழுதினோம். ஆனால் உண்மை இதுதான். அவள் இருந்தவரை நானும் அவனும் ஒன்றாக இருந்தோம் என்று நினைத்தேன். அவள் போனாள், கோடு வந்துவிட்டது. அப்படியென்றால் கோடு எப்போதும் இருந்ததா. சும்மா கிட. துடை.

இந்த முட்டி வலிக்கிறது. வாளியை நகர்த்தினேன். அந்தக் கை. அதை நினைக்கக்கூடாது என்று காலையிலிருந்து வேறு எதை எதையோ நினைத்து, இங்கேதான் வந்து நிற்கிறேன். சர்ச் கமிட்டிக் கூட்டம் சீக்கிரம் முடிந்த ஒரு நாள். படியேறும்போதே சமையலறையில் சிரிப்புச் சத்தம். ரூபாவதி சத்தமாகச் சிரிப்பாள் என்பது எனக்குத் தெரியும், ஆனால் அந்தச் சிரிப்பு நான் கேட்டதில்லை, மூச்சு முட்டுகிற சிரிப்பு, சின்னப் பெண்கள் சிரிப்பது. நான் உள்ளே போனேன். நின்றது. குழாயைத் திருகினால் நிற்பது மாதிரி நின்றது. மாசானமுத்து சுவரில் சாய்ந்து நின்றான். அவள் வலது கையை மூடி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். 'என்ன?' என்றேன். 'ஒண்ணுமில்ல.' 'கையில என்ன?' 'ஒண்ணுமில்லங்கேன்.' நான் சட்டையைக் கழற்றப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவன் இறங்கிப் போயிருந்தான், அவள் கை கழுவிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நான் அதை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வருடக்கணக்காக அது எங்கேயோ அடியில் கிடந்தது. அந்தச் சாளைக் குழம்பு வாய்க்குள் போன நிமிஷம் மேலே வந்தது. அதற்குப் பிறகு தினமும் வருகிறது. மூடின கை. விரல்கள் எப்படி மூடியிருந்தன. எதையாவது வைத்து மூடினவை மாதிரியா, எதையும் வைக்காமல் மூடினவை மாதிரியா. சாராயத்தையும் தண்ணீரையும் சம அளவு கலந்தால் இரண்டு பங்கு வராது, கொஞ்சம் குறையும். பையன்கள் சிந்திவிட்டோம் என்று பயப்படுவான்கள். சிந்தவில்லையடா, ஒன்றின் இடுக்கில் மற்றது போய் உட்கார்ந்துகொள்கிறது என்பேன். நன்றாகச் சேருகிறவை இடத்தைக் குறைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் பிள்ளை இல்லை, சத்தமில்லை, அவளும் நானும் அப்படிக் குறைந்துதான் இருந்தோம், அதுதான் சேர்மானம் என்று இருந்தேன். அந்தச் சிரிப்புக்கு அதில் இடம் இல்லையோ. அந்தச் சிரிப்பு கீழே போய் இடம் தேடியதோ. அவளிடம் கேட்டிருக்கலாம். மருத்துவமனையில் படுத்திருந்தபோது என் கையைத்தான் பிடித்திருந்தாள். இவன் காலருகே நின்றான். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எதற்கு மாறி மாறிப் பார்த்தாள்.

கீழே போன். அவனுக்குக் காது மந்தம், அக்கா மகளோடு பேசினால் தெரு முழுக்கக் கேட்கும். 'ஆமாட்டி, எல்லாம் கட்டியாச்சு. கத்தரிக்கோலத் தவிர எல்லாம் கெடச்சிட்டு. ஆங்? சாப்பிடுவேன், மீன் வச்சிருக்கேன். ஏ, போற அன்னைக்கு மீன் வச்சா ரயிலு கவுந்துருமா? போ புள்ள.' அவள் ஏதோ கேட்கிறாள். 'மேலதான் இருக்காவ. தர தொடைக்காவ, பினாயில் வாசம் இங்க வருது. ரொம்ப நேரமா ஒரே எடத்தத் தொடைக்காவ, மொசைக் தேஞ்சிரும்.' நான் துடைப்பதை நிறுத்தினேன். 'சொல்லல. நானா போயிச் சொல்ல மாட்டேன். வராதீரும்னு சொன்ன மனுஷன்ட்ட போயி நிக்க முடியுமா? எனக்கும் ரோசம் இருக்கும்லா.' பிறகு குரல் தணிந்தது. தணிந்தாலும் கேட்கிற குரல். 'பயமாத்தான் இருக்கு. அங்க யாரு தமிழ் பேசுவா? உங்க வீட்டு வேலைக்காரி கூட இந்திதான பேசுவா. ஒருத்தரும் பேசலன்னா என்ன, பழகிட்டு. ஒரு வருசமா பழகித்தான வச்சிருக்கேன்.' வாளியில் வெள்ளைத் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. இதை எவ்வளவு நேரம் வைத்தாலும் தெளியாது. ராத்திரி விழுந்துவிட்டால் யார் வருவார் என்று நான் யோசித்ததில்லை, யோசித்தேன், கட்டிலிலிருந்து தரையைத் தட்டினால் அவன் மந்தக் காதுக்கும் அதிர்ந்து கேட்கும் என்று ஒரு கணக்கு இருந்தது. பேசாவிட்டாலும் கேட்கும். கோபத்துக்குக் கீழே அப்படி ஒரு தளம் போட்டு வைத்திருந்திருக்கிறேன். நாளையிலிருந்து தட்டினால் காலி அறையில் தட்டுகிற சத்தம் கேட்கும். அல்லது எவனாவது புதுசாகக் குடிவந்தவன் என்ன சார் சத்தம் என்பான். குக்கரைத் திறந்து பார்த்தேன். சோறு அப்படியே இருந்தது. தொட்டுக்கொள்ள ஊறுகாய். நானும் சாப்பிடவில்லை. எதற்குச் சாப்பிடவில்லை. குழம்பு வாசனைக்காக உட்கார்ந்திருக்கிறேனா, நாய் மாதிரி. இல்லை. பசியில்லை. பொய்.

கார் வந்தது. ஹாரன். டிரைவர் இறங்குகிற சத்தம், டிக்கி திறக்கிற சத்தம். 'அண்ணாச்சி, சாமான் இவ்வளவுதானா?' 'இவ்வளவுதான் வே. ஒரு ஆளு எவ்வளவு சேத்துருவான்.' ஒரு பெட்டி போனது. இன்னொரு பெட்டி. சூடு ஏறும்போது மெதுவாகத்தான் ஏறும், கடைசி ஒரு டிகிரியில்தான் எல்லாம் நடக்கும், அந்த நேரம் பார்த்துத்தான் பயல்கள் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான்கள். நான் கதவைத் திறந்தேன். எதற்குத் திறந்தேன் என்று கேட்டால் வாளித் தண்ணீரைக் கொட்ட என்று சொல்லலாம். வாளி உள்ளேயே இருந்தது. படியிறங்கினேன். நடுப்படியில் நின்றேன். இங்கேயிருந்து அவன் வாசல் தெரியும். திரும்பி ஏறலாம். ஏறினால் முட்டி வலிக்கும், இறங்கினாலும் வலிக்கும். இறங்கினேன்.

ஹால் காலி. சுவரில் காலண்டர் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக. சமையலறையில் அடுப்பு மேடையில் ஒரு மண்சட்டி, மூடி போட்டு. அதன் பக்கத்தில் அவன், கைலி மாற்றிப் பேண்ட் போட்டு, பிரயாணச் சட்டையில், அந்நியன் மாதிரி. என்னைப் பார்த்தான். வா என்று சொல்லவில்லை. 'மேல கொண்டாந்து வைக்கலாமான்னு யோசிச்சிக்கிட்டிருந்தேன்' என்றான். 'அப்புறம் நீரு கொட்டிருவீரேன்னு...' நான் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கேள்வியை ஒரு வருடம் பலவிதமாகக் கட்டி வைத்திருந்தேன். எல்லாம் போய்விட்டது. மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். 'இதுல கருப்பட்டி போடணும்னு உமக்கு யாரு சொன்னா?' என்றேன். அவன் கையைக் காதில் வைத்தான். 'ஆங்?' 'கருப்பட்டி. யாரு சொல்லிக்குடுத்தா?' என்று கத்தினேன். வாசலில் டிரைவர் திரும்பிப் பார்த்தார். மாசானமுத்து என்னையே பார்த்தான். பைத்தியமா என்று பார்க்கிற பார்வை. 'எங்கம்ம சொன்னா' என்றான். 'உங்கம்மையா?' 'பின்னே? கருப்பட்டி காய்ச்சுற உடன்குடிக்காரன்ட்ட வந்து கருப்பட்டி யாரு சொன்னான்னு கேக்கீரு. நீரெல்லாம் என்ன எழவு கெமிஸ்ட்ரி படிச்சீரு வே.' பிறகு அவன் முகம் மாறியது. ஏதோ புரிந்த மாதிரி வாயைத் திறந்து மூடினான். 'ஓ' என்றான். 'அன்னைக்கு அந்த சாளக் கொழம்பா?'

அவன் மேடையில் சாய்ந்தான். 'மைனிக்கு சமைக்கத் தெரியாது வே. ஆஸ்டல்ல வளந்த புள்ள, அடுப்பையே பாத்ததில்ல. கல்யாணமாயி வந்த புதுசுல ஒருநாள் நீரு தட்டத் தள்ளி வச்சிட்டு எந்திரிச்சிப் போயிட்டீராம். கீழ வந்து அழுதாவ. சரி அழாதீங்க, வாங்கன்னு இந்த அடுப்புலதான் வச்சுக் காட்டுனேன். எங்கம்ம வைக்கது. அன்னைக்கு ராத்திரி நீரு சாப்புட்டுட்டு என்னமோ சொன்னீராமே.' 'நானா? என்ன சொன்னேன்?' 'எங்கம்ம கூட இப்படி வச்சதில்லன்னு.' எனக்கு நினைவே இல்லை. அப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லுகிற வாய் இல்லை இது. 'விடிஞ்சும் விடியாம கீழ ஓடி வந்தாவ வே. தம்பி, இத சாவுற வரைக்கும் யாருட்டயும் சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவ. அவுக வாயில இருந்து இன்னொரு தடவ இப்படி வராது, இது ஒண்ணாவது எனக்குன்னு இருக்கட்டும்னாவ. யாரு சாவுற வரைக்கும்னு கேக்காம விட்டுட்டேன், மடையன்.' கார் ஹாரன் அடித்தது. அவன் காதில் விழவில்லை. 'அதுக்கப்புறம் ஊருக்குப் போம்போதெல்லாம் கருப்பட்டி கொண்டாந்து ஒளிச்சு ஒளிச்சுக் குடுப்பேன். கஞ்சா விக்கவன் மாதிரி. ஒருநா நீரு கமிட்டி முடிஞ்சு திடீர்னு வந்து நின்னீரு பாரும். கையில கருப்பட்டிய வச்சிக்கிட்டு மைனி முழிச்ச முழி இருக்கே.' சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். மூடின கை திறந்தது. கருப்பாக, ஈரத்தில் பிசுபிசுத்து, நெல்லிக்காய் அளவு. அவ்வளவுதான். அதற்குள் இருந்தது நான். அந்த இரண்டு பேரும் இத்தனை வருடம் ஒளித்து வைத்த ரகசியம், நான் ஒருநாள் தவறிச் சொன்ன ஒரு வார்த்தை. அதை நான் இன்னொரு தடவை சொல்லியிருந்தால் ஒளிக்க வேண்டியிருக்காது. சொல்லவில்லை. ஒருமுறைகூட. அவன் சிரிப்பு அடங்கியது. 'இதுக்கா வே பேசாம இருந்தீரு?' நான் சுவரைப் பார்த்தேன். 'வேற என்னமும் நெனச்சீரா?' 'இல்ல.' 'நெனச்சிருப்பீரு' என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம். 'கேட்டிருக்கலாமே வே. ஒரு வருசம் போச்சே.' அவன் கண்ணில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன், தேடுகிற புத்தி அப்போதும் போகவில்லை. சாராயத்தில் கலந்த தண்ணீரை எத்தனை தடவை காய்ச்சி வடித்தாலும் கடைசிக் கொஞ்சம் கூடவே வரும். அதைப் பிரிக்க வராது. அந்தக் கடைசிக் கொஞ்சம் இவனுக்குள் இருந்தால் இருக்கட்டும். எனக்குள்ளும் என்னென்னமோ இருக்கிறது.

'சோறு இருக்கா?' என்றேன். 'சோறு வைக்கல. தட்டு கரண்டி எல்லாம் பெட்டிக்குள்ள. கொழம்பு மட்டுந்தான்.' 'இரும்.' படியேறினேன். முட்டி கத்தியது, கத்தட்டும். குக்கரை அப்படியே துணியால் பிடித்துத் தூக்கி இறங்கினேன். டிரைவர் வாசலில் மறித்தார். 'அண்ணாச்சி, ஜங்ஷன்ல கூட்டமா இருக்கும். ரயில விட்டுருவீங்க.' 'விட்டா விடட்டும்' என்றேன். 'ஏ, ரயில விட்டா நீரா டிக்கெட் எடுத்துத் தருவீரு?' என்றான் மாசானமுத்து உள்ளேயிருந்து. 'நீரும் வாரும் வே, ஒரு வாய் தின்னும்' என்று டிரைவரைக் கூப்பிட்டான். அவர் மணியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு காருக்குப் போனார். குழம்பைக் குக்கர் சோற்றிலேயே கவிழ்த்தான். வெள்ளைச் சோறு சிவந்தது. இருவரும் காலித் தரையில் உட்கார்ந்து ஒரே குக்கருக்குள் கை விட்டோம். பிசைந்தது யார், எந்தப் பக்கம் யாருடையது என்று கோடு இல்லை. பாதியில் நான் தலையைத் தூக்காமல் சொன்னேன். 'நல்லாருக்கு.' 'ஆங்?' என்றான், காதைக் காட்டி. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. 'நல்லாருக்குன்னேன் வே. எங்கம்ம கூட இப்படி வச்சதில்ல.' அவன் கை குக்கருக்குள் அப்படியே நின்றது. பிறகு ஒரு துண்டு மீனை என் பக்கம் தள்ளினான். 'முள்ளு பாத்துத் தின்னும்' என்றான்.

கை கழுவ நேரமில்லாமல் துணியில் துடைத்துக்கொண்டு அவன் காரில் ஏறினான். 'சட்டிய நீரு வச்சிக்கிடும். மண்சட்டி, ரயில்ல உடைஞ்சிரும்' என்றான். 'போன் பண்ணுவேன், எடும். ம்முன்னு மட்டும் சொல்லாதீரும், எனக்குக் கேக்காது.' ம் என்று சொல்லப்போய், 'சரி' என்று கத்தினேன். கார் தெரு திரும்பியதும் சத்தம் நின்றது. கீழ் போர்ஷனுக்குள் திரும்பி வந்தேன். ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது. மேலே வாளி பினாயில் கொட்டாமல் நிற்கிறது, நிற்கட்டும். சட்டியைத் தொட்டியில் வைத்துக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் நிறைந்தது. எண்ணெய் மேலே வந்து சிவப்பு வட்டங்களாக மிதந்தது. பக்கத்தில் அவன் விட்டுப்போன சோப்புத் துண்டு, பாதி தேய்ந்தது. தொட்டால் ஒரு நிமிஷத்தில் எல்லாம் போய்விடும். எடுக்கவில்லை. விரலை விட்டு ஒரு சுற்றுக் கலக்கினேன். வட்டங்கள் உடைந்து சின்னதாயின, தண்ணீர் கலங்கியது. பிறகு ஒவ்வொன்றாக நகர்ந்து வந்து ஒன்றோடொன்று ஒட்டின. சட்டியின் அடியில் இன்னும் சூடு இருந்தது. ஆறுகிறவரை நின்று பார்க்க வேண்டும். எனக்கு வேறு வேலை இல்லை.